இடிக்கு ஒரு ஐகான்

நான் வேலை பார்த்த நெய்யாற்றின்கரைக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் வந்து கொஞ்சம் பேசுங்கள் சாறே என்றார்கள். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். உங்கள் அனுபவம் என்றார்கள். அனுபவம் என்றால் என்ன, என் இடுப்பு வலியா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டீயும் பழம்பொரியும் தருவதாகச் சொன்னதும் ஒரு காரணம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் நான் மூடியைத் திறந்து பார்க்காத கம்ப்யூட்டர் குறைவு. பஞ்சாயத்து ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், மிஷன் பள்ளிக்கூடம், வீடுகள் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த உடம்பு இது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை என் மனைவி நம்பிவிட்டாள், ஊர் இன்னும் நம்பவில்லை. பஸ்ஸுக்கு நின்றால்கூட யாராவது வந்து, சாறே, என் கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறார்கள். நானும் பஸ்ஸை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போகிறேன்.

போர்டு மாற்றுவது, டிஸ்க் மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீடியோ பார்த்தே பாதி கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். அதனால் நம் தொழிலில் இருப்பதிலேயே சின்ன வேலை ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். அணைப்பதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்துக் கொடுப்பது. வலது கிளிக், ஷார்ட்கட், ஒரு வரிக் கட்டளை, அதற்கு ஒரு படம், முடிந்தது. டீ ஆறுவதற்குள் செய்துவிடலாம். அதனாலேயே யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை.

அணைக்கத்தான் மெனுவிலேயே வழி இருக்கிறதே, தனியாக ஐகான் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிறவர்களைப் பார்த்தால் தெரியும். மணிக்கட்டு வலியோடு நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் கிளார்க் கேட்பார். குளத்தூர்ப் பக்கம் ஒரு போதகர் இருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து அணைக்கப் போவார், கை தவறி அதற்குப் பக்கத்தில் இருக்கும் ரீஸ்டார்ட்டை அமுக்குவார், கோயிலைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த கூட்டத்துக்குத் திறந்தால் அது விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மனிதர் பிசாசை விரட்டப் போகாமல் என்னைக் கூப்பிட்டாரே, அந்த வகையில் அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவருக்கு ஒரே ஒரு பெரிய ஐகான் வைத்துக் கொடுத்தேன். பிறகு அது ஒழுங்காகத் தூங்கியது.

இந்தச் சின்ன வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அம்மா. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் இப்போதும் போனில் கூப்பிட்டுத் திட்டுவார். கல்யாணக் கார்டு, பெட்டிஷன் எல்லாம் அடித்துக்கொடுக்கும் சென்டர் வைத்திருந்தார். என்னோடு வேலை பார்த்த ஒருவன் அவர் கேட்டார் என்று அணைக்கும் ஐகான் வைத்துவிட்டு வந்தான். தொட்டால் அந்த நொடியே அணைந்துவிடும்படி வைத்தான். அதையும் கார்டுகள் இருக்கும் ஃபோல்டரை ஒட்டி வைத்தான். ஒரு கல்யாணக் கார்டு பாதியில் இருக்கும்போது கை பட்டுப் போயிற்று. பெண்ணின் அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். அம்மா கடைக்குப் போன் செய்தார், எடுத்த பாவத்துக்குத் திட்டு எனக்கு.

“அணைக்கதுக்கு ஒண்ணு வச்சியளே, வேண்டாம்னு சொல்லுகதுக்கு எது? என் வீட்டில ஒருத்தர் இறங்கிப் போறேன்னு சொன்னா, செருப்பு மாட்டுக நேரமாவது நான் குடுப்பேன்” என்றார்.

அன்றிலிருந்து நான் வைத்த எந்த அணைக்கும் ஐகானும் உடனே அணைக்காது. கட்டளையின் கடைசியில் அறுபது என்று போடுவேன். அறுபது வினாடி, செருப்பு மாட்டும் நேரம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஐகான் வைப்பேன். அதைத் தொட்டால் அணைப்பது ரத்தாகிவிடும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். அணையப் போகிறது என்று திரையில் ஒரு அறிவிப்பு வரும், அதில் மூடு என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் அறிவிப்புதான் மூடும், உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டேதான் இருக்கும். படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் அங்கே ஏமாறுகிறார்கள். இரண்டாவது ஐகான் இல்லாமல் ஒரு வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.

சரி, பொழியூருக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்தால் மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும் இல்லையா. முதல் உறுமல் கேட்டதும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார் என்று ஓடி ஓடிப் பிளக்கை உருவுவார்கள். கல்யாண வீட்டில் பாட்டு பாதியில் நிற்கும், மாப்பிள்ளையே எழுந்து போய் உருவினாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவர்கள் முதல் வருஷம் சிரிப்பார்கள், இரண்டாம் வருஷம் அவர்களும் ஓடுவார்கள். கருகிப்போன போர்டுகளை மேசைமேல் வைத்து மோந்து பார்ப்பவர்கள் நாம், நமக்குச் சிரிப்பு வராது.

பொழியூரில் லாசர் அண்ணன் என்று ஒரு மீன்பிடிக்காரர். அவருக்கு இந்தப் பயம் எல்லோருக்கும் இருப்பதைவிடக் கூடுதலாக உண்டு. இளவயதில் கரையில் நின்று கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்து நின்ற கூட்டாளியை மின்னல் அடித்துவிட்டது. இரண்டு பேர் கையிலும் ஒரே கயிறு. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் போய்விட்டான். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதுவும் வேறு எதையோ சொல்லுவதுபோல, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவருக்கு ஒரே மகள் ஷைனி. நர்ஸ். பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காக ஒரு பழைய கம்ப்யூட்டரை நான்தான் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொண்டுபோய் வைத்தேன். அந்த ஐப்பசியிலேயே அது இரண்டு முறை என் மேசைக்குத் திரும்பி வந்தது. மின்னல் ஒன்றும் அடிக்கவில்லை. லாசர் அண்ணன்தான் அடித்தார். முதல் உறுமல் கேட்டதும், மகள் உள்ளே என்ன எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் சுவரிலிருந்து பிளக்கை உருவிவிடுவார். டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்?

மூன்றாவது முறை நான் வீட்டுக்கே போனேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னிடம் குற்றம் சொன்னார்கள். அப்பா இடிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள் அவள். இடி என்னிடம் சொல்லிக்கொண்டா வருகிறது என்றார் அவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது.

நான் ஒரு யூ.பி.எஸ் கொண்டுவந்து வைத்தேன், இண்டர்நெட் பெட்டியையும் அதிலேயே சேர்த்தேன். டெஸ்க்டாப்பில் வழக்கம்போல இரண்டு ஐகான், அணைக்க ஒன்று, வேண்டாம் என்று சொல்ல ஒன்று. இடி கேட்டால் முதலில் இதைத் தொடுங்கள், ஒரு நிமிஷத்தில் அதுவே அணையும், அப்புறம் பிளக்கை உருவுங்கள், அந்த ஒரு நிமிஷம் ஷைனி எழுதியதைப் பத்திரப்படுத்த என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் மவுஸ் அவர் கைக்குள் நண்டு மாதிரி ஓடியது. கயிறு இழுத்துத் தழும்பேறிய விரல், இரண்டு முறை தட்டுவதற்குள் ஐகானே இடம் மாறிவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார், லாசர் அண்ணனுக்குக் கோபம் வந்தது.

அதற்கும் ஒரு வழி உண்டு. ஷார்ட்கட்டின் உள்விவரத்தில் அதற்கென்று ஒரு கீ ஒதுக்க இடம் இருக்கிறது. கீபோர்டின் மேல்வரிசையில் யாரும் தொடாத இரண்டு கீயைப் பிடித்து ஒவ்வொரு ஐகானுக்கும் ஒன்று கொடுத்தேன். திரையில் என்ன ஓடினாலும் அந்தக் கீ வேலை செய்யும். அடையாளத்துக்கு ஷைனி ஏதோ கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சை அணைக்கும் கீயில் வைத்தாள். வேண்டாம் என்கிற கீக்கு வேறு நிறம் இல்லை. லாசர் அண்ணன் வெளியே போய், வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டை ஒரு குச்சியில் தொட்டுக்கொண்டு வந்தார். அவர் வைத்த பொட்டு, அடுத்த கீயையும் பாதி பிடித்துக்கொண்டது.

சிவப்பை அமுக்கிப் பார்த்தார். அறிவிப்பு வந்தது, நிமிஷம் கழிந்தது, கம்ப்யூட்டர் அடங்கியது. பிளக்கை மெதுவாக உருவினார்.

“இது கொள்ளாம் சாறே. சொல்லிட்டுப் போவுது. மரியாதை தெரிஞ்ச சாதனம் ஆக்கும்” என்றார்.

அடுத்த ஐப்பசியில்தான் ஷைனிக்கு இண்டர்வியூ வந்தது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மத்தியானம், அதாவது சரியாக இடிக்கும் நேரம். அவள் எழுதிப் பாஸான இங்கிலீஷ் பரீட்சையின் காலம் முடியப்போகிறது, இது போனால் எல்லாம் முதலிலிருந்து. நடுவில் இணைப்பு அறுந்தால் அதோடு சரி, வேறு தேதி கேட்டு மனுப் போட வேண்டும், அதற்குள் பரீட்சை காலாவதியாகிவிடும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் முன்பு இருந்த இரண்டு வரிசை வீடுகள் இப்போது இல்லை, கடல் எடுத்துவிட்டது. அப்பாவையும் அம்மாவையும் உள்ளே மேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே நினைப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அன்றைக்கு நீங்கள் வந்து கூட இருக்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர் நன்றாகத்தானே இருக்கிறது, நான் எதற்கு என்றேன்.

“நீங்க கம்ப்யூட்டரைப் பாக்கண்டாம் மாமா. அப்பாவைப் பாத்துக்கிட்டா போதும்.”

நான் பார்த்துக்கொண்டேன். காலையிலேயே லாசர் அண்ணனிடம், இன்றைக்கு வானமே இடிந்து விழுந்தாலும் சிவப்புக் கீயைத் தொடக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் நெற்றியில் சிலுவை வரைந்து ஒப்புக்கொண்டார். முன்னறையில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, கேமராவில் படாமல் கதவுப் பக்கம் ஒரு ஸ்டூலில் நான். வாசல்படியில் அவர். பேச்சு மூச்சு கூடாது என்று ஏற்பாடு.

திரையில் மூன்று பேர். நடுவில் வெள்ளை முடி வைத்த ஒரு அம்மையார். ஷைனி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கிழக்கே கறுக்கத் தொடங்கியது. முதல் உறுமலுக்கு லாசர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். இரண்டாவதுக்கு எழுந்து நின்றார். நான் கையைக் காட்டினேன், உட்கார்ந்தார். அப்புறம் ஒன்று வந்தது. அறை முழுவதும் வெளுத்தது, வெளுத்த அதே நேரத்தில் சத்தமும் வந்தது. கோயிலுக்குப் பின்னால் நின்ற தென்னை அது என்று பிறகு தெரிந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அவர் வாசல்படியில் இல்லை. மகளின் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு சிவப்பை அமுக்கிவிட்டது.

திரையில் அறிவிப்பு. ஷைனி பேச்சை நிறுத்தாமலே நீலத்தை அமுக்கினாள். ரத்தானது. அவர் மறுபடி சிவப்பு. அவள் மறுபடி நீலம். அவள் வாய் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் ஒழுங்கைச் சொல்லிக்கொண்டிருக்க, கீபோர்டில் அப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள். கடைசியில் அவள் சிவப்புக் கீயின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவர் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். எல்லாம் கேமராவில் தெரிகிறது. அவள் பேச்சு நின்றுவிட்டது. அந்த மூன்று பேரும் முழங்கை வரைக்கும் தெரிகிற ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்ய நினைத்தேன் என்று சொல்கிறேன். அவரைப் பிடித்து இழுக்க நினைத்தேன். வலை இழுக்கிற உடம்பு அது, நான்தான் போய் விழுவேன். சத்தம் போட நினைத்தேன், அது அயர்லாந்து வரைக்கும் கேட்கும். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். மகளின் கைமேல் இருந்த அந்தக் கை, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தது. மனிதர் அவளைத் தடுக்கவில்லை. கயிற்றிலிருந்து கூட்டாளியின் கையைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

குனிந்து, சுவரிலிருந்த பிளக்கை நானே உருவினேன். யூ.பி.எஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பிளக்கை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்து விரல்களை மூடினேன்.

“அண்ணே, இதைப் பிடிச்சுக்கிடுங்க. இது உங்க கையில இருக்குத வரைக்கும் அவகிட்ட ஒண்ணும் வராது” என்று காதோடு சொன்னேன்.

பிளக்கைப் பார்த்தார். “வேற வயரு வல்லதும் உண்டா சாறே?” என்று மெதுவாகக் கேட்டார். இண்டர்நெட் வயர் ஒன்று உண்டு, அதற்குள் இருப்பது கண்ணாடி, கண்ணாடியில் மின்னல் ஏறாது என்றேன். கண்ணாடி என்றதும் நம்பினார். மகளின் கைமேலிருந்த கையை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிளக்கை நெஞ்சோடு பிடித்தபடி கதவோரம் போய் நின்றார்.

அந்த அம்மையார், அது என்ன அலாரம் என்று கேட்டார். என் இங்கிலீஷ் அவ்வளவு போதாது, ஆனால் ஷைனி சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. இங்கே பக்கத்தில் மின்னல் விழுகிறது, என் அப்பா எங்களைக் கரண்டிலிருந்து பிரித்துவிட்டார், இப்போது நான் பேட்டரியில் இருக்கிறேன், சில நிமிஷங்கள்தான் நிற்கும், என்னைப் பற்றி எது தெரிந்தே ஆக வேண்டுமோ அதை முதலில் கேளுங்கள் என்றாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. வார்டில் தினமும் அந்த மாதிரிச் சத்தங்களுக்கு நடுவில் நிற்பவள்தானே.

அம்மையார் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். முன்னால் இருந்த பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூன்று நோயாளிகள் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள், அதில் ஒருவருடைய உறவினர் கட்டிலை மறித்துக்கொண்டு யாரையும் அருகே விடாமல் நிற்கிறார். நீ என்ன செய்வாய்?

ஷைனியின் கண் ஒரு நொடி கதவுப் பக்கம் வந்து போயிற்று. மூச்சுக்குச் சிரமப்படுகிறவர் யார் என்று முதலில் பார்ப்பேன் என்றாள். மறித்து நிற்பவரை வெளியே தள்ளமாட்டேன், அவர் பயந்துபோய் நிற்கிறார், நோயாளிக்கு உதவும் என்று சொல்லி அவர் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுப்பேன், அப்புறம் என் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்றாள்.

பாருங்கள், கண்ணுக்கு முன்னாலேயே என் வித்தையை எடுத்து வேலை வாங்கிவிட்டாள். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். நன்றி சொல்லி, பேட்டரி சாவதற்கு முன்னால் ஷைனியே மரியாதையாக இணைப்பை முடித்தாள். அதன் பிறகு சிவப்பையும் அமுக்கினாள். கம்ப்யூட்டர் அடங்கியது.

“முடிஞ்சா மக்கா?” என்று கேட்டார் லாசர் அண்ணன்.

“முடிஞ்சுப்பா.”

“நான் கெடுத்துட்டேனா?”

“கெடுக்கல்லப்பா. அதைக் கீழ வையுங்க, கை வேர்க்குது” என்றாள். அவர் வைக்கவில்லை. இடி கடல் பக்கம் ஒதுங்கிப் போகும் வரைக்கும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சத்தியத்தை மீறினீர்களே என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் மனைவி எல்லோருக்கும் கட்டன் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

வேலை கிடைத்தது. மறு ஐப்பசிக்கு முன்னால் ஷைனி விமானம் ஏறிவிட்டாள். மேட்டுப் பக்கம் வீடு பார்த்து அப்பாவையும் அம்மாவையும் மாற்றியதும் அவள்தான், போனிலேயே எல்லாம் செய்தாள். கடல் கேட்கிற தூரம்தான், ஆனால் கடல் வர முடியாத இடம். கம்ப்யூட்டரும் கூடவே அங்கே போயிற்று.

இங்கே கதையை முடித்துவிட்டால் நீங்கள் கைதட்டிவிட்டுப் பழம்பொரிக்குப் போய்விடுவீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு லாசர் அண்ணன் போன் செய்தார். யூ.பி.எஸ் பேட்டரி வீங்கிப்போய்விட்டது என்றார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் புதிது போட்டுக் கொடுத்திருந்தேன். வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் அவ்வளவு சீக்கிரம் ஏன் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. புதுப் பேட்டரியோடு ஒரு சாயங்காலம் போய் மாட்டினேன். மாட்டி முடிக்கவும் கிழக்கே உறுமவும் சரியாக இருந்தது. இருந்துவிட்டுப் போங்கள், மகள் கூப்பிடுகிற நேரம் என்றார். சொன்ன மாதிரியே ஷைனி திரையில் வந்தாள். கம்பளிச் சட்டை, கொஞ்சம் சதை போட்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் மாமா என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

இடி நெருங்கி வந்தது. லாசர் அண்ணன் எழுந்து, பிளக்கை உருவி, கையில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பீப் சத்தம் தொடங்கியது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“அப்பா, அங்க இடிக்குது இல்லியா? பேச்சு நாளைக்கு. சிவப்பை அமுக்குங்க.”

அமுக்கினார். அறிவிப்பு வந்தது. அமுக்கியாச்சு மக்கா என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அங்கே நெய்மீன் கிடைக்குமா என்றார். நேரம் முடியப்போகிறது என்று எப்படித்தான் தெரியுமோ, நீலத்தை அமுக்கினார். ரத்து. கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி சிவப்பு. அம்மையின் முட்டுவலிக்கு எண்ணெய் எது நல்லது என்றார். மறுபடி நீலம். அவளுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, அப்பாவின் ஒரு நிமிஷம் ரொம்ப நீளம் என்று மட்டும் நினைத்திருப்பாள். இடிக்கிற நாளெல்லாம் இப்படி வடியவிட்டால் பேட்டரி ஏன் வீங்காது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவள் போன பிறகு கேட்டேன். இடியென்றால் அப்படிப் பயப்படுவீர்களே, இது என்ன வேலை என்றேன்.

“பேடி இப்பவும் உண்டு சாறே. அதுக்குத்தானே இதைக் கையில வச்சிருக்கேன்” என்று பிளக்கைக் காட்டினார். “அவ அமுக்கச் சொன்னா அமுக்கணும். பிள்ளைகிட்ட கள்ளம் பறையப்பிடாது. நான் அமுக்கத்தான் செய்யுதேன்.”

வெளியே மழை விழத் தொடங்கியிருந்தது. பிறகு கீபோர்டைத் துடைப்பதுபோல் தடவிக்கொண்டு கேட்டார்.

“அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒப்பேறல்ல சாறே. அதைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமா?”

நான் ஷார்ட்கட்டைத் திறந்தேன். கட்டளையின் கடைசியில் நான் எத்தனையோ வீடுகளில் யோசிக்காமல் போட்ட அந்த அறுபது இருந்தது. செருப்பு மாட்டும் நேரம். இந்த மனிதருக்குச் செருப்பு மாட்டுவதில் ஒரு அவசரமும் இல்லை. அறுபதுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து மூடினேன். பத்து நிமிஷம், புதுப் பேட்டரி அதுவரைக்கும் நிற்கும். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நனைந்துகொண்டே வந்தேன், அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு முதல் சம்பளத்தன்றுகூட இருந்ததில்லை.

உங்களில் யாருக்காவது பொழியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சர்வீஸ் வரும். கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு சிவப்புப் பொட்டும், பக்கத்துக் கீயையும் பாதி பிடித்த ஒரு நீலப் பொட்டும் இருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் திறந்தால் அறுநூறு என்று இருக்கும். யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதைத் திருத்திவிட்டு வராதீர்கள், பிள்ளைகளே.